அறுபது அடிச் சதுரம்: சிறுவர் பேஸ்பால் லீக் ஒன்றைத் தொடங்கும் முறை

சிறுவர்களுக்கான பேஸ்பால் லீக் ஒன்றைத் தம் ஊரில் தொடங்க நினைக்கிறவர், மட்டையும் பந்தும் வாங்கக் கடைக்குப் போகும் முன், நல்ல நூறடி டேப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இன்று லிட்டில் லீக் என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கும் ஏற்பாடு, பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டோட்ஸ் என்ற சாதாரணக் குடும்பஸ்தர் ஒருவர் தரையை அளந்து பார்த்ததிலிருந்துதான் கிளம்பியது. அவர் வேலையைச் செய்த வரிசையே இன்றும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு உதவும் வரிசை என்பது என் அனுபவம். அமெரிக்க ஊர்களில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர், பிள்ளையை லீக்கில் சேர்த்துவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கையில், அடுத்த பருவத்திலேயே "நீங்களும் கொஞ்சம் கைகொடுக்க முடியுமா" என்ற கேள்வியில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நானும் அப்படி அகப்பட்டவன்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கிய கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்வது

1938 ஆகஸ்டில் ஸ்டோட்ஸ் தம் உறவுச் சிறுவர்கள் இருவரோடு வீட்டு முற்றத்தில் பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். விலகிப் போன பந்து ஒன்றைப் பிடிக்கப் பாய்ந்தபோது, வெட்டிவிட்டிருந்த லைலாக் செடியின் கூரிய தண்டுகள் அவருடைய கணுக்காலைக் கீறிவிட்டன. வலி தணியட்டும் என்று பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்த அந்தச் சில நிமிடங்களில், தாம் சிறுவனாக இருந்தபோது பெரிய பையன்களின் ஆட்டத்தில் இடம் கிடைக்காமல் நின்ற நாள்களை நினைத்துப் பார்த்தார். சீருடை, முழுப் பந்து, உடையாத மட்டை, நடுவர், தங்கள் உயரத்துக்கேற்ற மைதானம், இவையெல்லாம் இருக்கும் ஓர் ஆட்டம் உங்களுக்குக் கிடைத்தால் ஆடுவீர்களா என்று அந்த இருவரிடமும் கேட்டார். அவர்கள் சொன்ன பதிலை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பு அமெரிக்காவில் இளையோர் பேஸ்பாலுக்கு அமைப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. முன்னாள் படைவீரர்களின் சங்கமான அமெரிக்கன் லீஜன், 1925-ல் தெற்கு டகோட்டாவின் மில்பேங்க் ஊரில் நடந்த மாநாட்டில் இளையோர் பேஸ்பாலைத் தன் பணியாக ஏற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டே ஃபிலடெல்ஃபியாவில் தேசிய இறுதிப் போட்டியை நடத்தியும் காட்டியது. ஆயினும் அது பதின்வயதினருக்கான ஏற்பாடு, மைதானமும் பெரியவர்களுடையதே. எட்டு வயதுப் பையன் அங்கே பந்து பொறுக்கத்தான் போக முடியும். லீஜன் நாடு முழுதும் கிளைகளை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தது. ஸ்டோட்ஸிடம் கிளையும் இல்லை, நிதியும் இல்லை. ஆகவே அவர் சிறுவனின் கால் எவ்வளவு தூரம் ஓடும், கை எவ்வளவு தூரம் எறியும் என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நீங்களும் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

சிறுவனுக்கேற்ற தூரம்

பெரியவர்களின் பேஸ்பாலில் ஓடுகிறவர் வரிசையாகத் தொட்டுவர வேண்டிய நான்கு மூலைகளான பேஸ்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பந்தெறிகிறவரான பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, பேட்டர் நின்று அடிக்கும் மூலையான ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இந்தச் சதுரத்தில் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் வரை குறுக்கே அளந்தால் 127 அடிக்கு மேல் வரும். பத்து வயதுப் பிள்ளையால் அவ்வளவு தூரம் பந்தை நேராக எறிய முடியாது என்பதால், மூன்றாம் பேஸ் பக்கம் உருண்டு போகும் பந்தெல்லாம் அடித்தவனுக்கு இலவச ஓட்டமாகிவிடும். பந்து தடுக்கிறவர்களுக்கு வேலை இராது. அரை மணி நேரத்தில் வெளிக்களப் பிள்ளைகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டோட்ஸ் அந்தக் கோடைகாலம் முழுதும் அக்கம்பக்கத்துச் சிறுவர்களைக் கூட்டி, தூரங்களை மாற்றி மாற்றி ஆடவைத்துப் பார்த்தார். பேஸ்களுக்கிடையே அவர் கடைசியில் நிறுத்திய தூரம் 60 அடி, அதாவது பெரியவர்களின் அளவில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜம் நம் கண்ணுக்குப் பழகிய நீளம். இது அதைவிட ஆறடி குறைவு என்று வைத்துக்கொண்டால் மனத்தில் எளிதாகப் பதியும்.

இந்த அளவு இன்று லிட்டில் லீக் விதிப்புத்தகத்தில் அச்சாகிவிட்டது என்றாலும், அந்தச் சோதனையை ஒரு மாலை நேரத்தில் நீங்களே செய்து பார்ப்பதைப் பரிந்துரைக்கிறேன். பழைய செய்தித்தாள் நான்கை மடித்துத் தரையில் போட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். ஒரு பிள்ளை மூன்றாம் பேஸ் அருகே நின்று, உருட்டிவிட்ட பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறியட்டும். அதே கணத்தில் இன்னொரு பிள்ளை ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸுக்கு ஓடட்டும். பந்தும் ஓடுகிறவனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஓர் எட்டு முன்பின்னாக, வந்து சேர்ந்தால் அந்தத் தூரம் அந்த வயதுக்குச் சரி. ஆறு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்தால் 60 அடியும் அதிகம் என்று தெரியும். பன்னிரண்டு முடிந்த பையனை ஓடவிட்டால் அதே 60 அடி சிறுத்துப் போனது போலத் தோன்றும். எட்டு முதல் பன்னிரண்டு வயது என்று ஸ்டோட்ஸ் எல்லை வகுத்ததன் காரணம் அப்போது விளங்கும்.

எறிதூரம் இன்று 46 அடி. இது குறைந்த தூரந்தானே என்று நினைக்க வேண்டாம். 46 அடியிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டருக்குத் தரும் அவகாசம், பெரியவர்களின் தூரத்திலிருந்து ஏறக்குறைய 79 மைல் வேகத்தில் வரும் பந்து தரும் அவகாசமே. பன்னிரண்டு வயதில் வளர்த்தியும் பலமும் உள்ள பையன் ஒருவன் எறிய நின்றால், எதிரே எட்டு வயதுப் பிள்ளையை நிறுத்துவது ஆபத்து. ஆகவே பிள்ளைகள் போதுமான அளவு சேர்ந்தவுடன் வயதுவாரியாக இரண்டு பிரிவாகப் பிரித்துவிடுங்கள்.

சதுரத்தைத் தரையில் போடுவது

கட்டட வேலையில் மூலைமட்டம் பார்த்துப் பழகியவர் ஒருவர் கூட இருந்தால் இந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். இல்லாவிட்டாலும் கவலையில்லை, இரண்டு டேப், நான்கு முளை, ஒரு சுத்தியல், சணல் கயிற்று உருண்டை ஒன்று, மூன்று பேர் இருந்தால் போதும்.

முதலில் திசையைத் தீர்மானிக்கவும். ஆட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடப்பவை. ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் வழியாக இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கும் வடகிழக்கும் சந்திக்கும் திசையை நோக்கி இருப்பது நல்லது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. அப்படி அமைத்தால் சாயும் சூரியன் பேட்டரின் முதுகுப்பக்கம் இருக்கும். மேற்குப் பார்த்து அமைத்துவிட்டால், வெயில் கண்ணில் அடிக்கையில் வரும் பந்தைப் பிள்ளை பார்க்கவே பார்க்காது.

ஹோம் பிளேட் ஐந்து பக்கம் கொண்ட ரப்பர் பலகை. அதன் கூர்முனை பின்னால், பேட்டருக்குப் பின்னே உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் பக்கம் இருக்கும். அந்தக் கூர்முனை வரும் இடத்தில் முதல் முளையை அடிக்கவும். எல்லா அளவும் அந்த முனையிலிருந்தே தொடங்கும். அங்கிருந்து நீங்கள் தீர்மானித்த திசையில் டேப்பை இழுத்து, 84 அடி 10¼ அங்குலத்தில் இரண்டாம் முளையை அடிக்கவும். அது இரண்டாம் பேஸின் நடுப்புள்ளி. 60 அடிச் சதுரத்தின் மூலைவிட்டம் இதுதான். இனி ஒருவர் ஹோம் முளையிலும் ஒருவர் இரண்டாம் பேஸ் முளையிலும் தம் தம் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் இரண்டு டேப்பையும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், இரண்டிலும் 60 அடிக் குறி ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் முளை அடிக்க வேண்டும். அது முதல் பேஸின் வெளிமூலை. இடப்பக்கமும் இப்படியே செய்தால் மூன்றாம் பேஸ் கிடைத்துவிடும். முடிந்ததும் முதல் பேஸ் முளைக்கும் மூன்றாம் பேஸ் முளைக்கும் இடையே அளந்து பார்க்கவும்; அதுவும் 84 அடி 10¼ அங்குலம் வந்தால் சதுரம் சதுரமாகவே இருக்கிறது. ஓர் அங்குலம் முன்பின் வந்தால் விட்டுவிடலாம். அரையடி வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் டேப் நடுவில் தொய்ந்திருக்கும், அல்லது புல்லில் சிக்கியிருக்கும். இழுத்துப் பிடித்து மறுபடி அளக்கவும்.

பேஸ்களைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் பேஸும் மூன்றாம் பேஸும் சதுரத்துக்கு உட்பக்கமாக அமைய வேண்டும், அதாவது முளை இருக்குமிடம் பேஸின் வெளிப்புற மூலை. இரண்டாம் பேஸ் மட்டும் முளையை நடுவில் வைத்து அமையும். ஒவ்வொன்றும் 14 அங்குலச் சதுரம்.

பிட்சர் காலூன்றி எறியும் ரப்பர் பலகையை வைக்கும் இடத்தில்தான் புதியவர்கள் தவறுவார்கள். நான் தவறியதும் அங்கேதான். முதல் ஆண்டில் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் கயிறு கட்டி, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில், பார்க்க அழகாக நட்ட நடுவில், பலகையைப் பதித்துவிட்டேன். இரண்டு ஆட்டம் நடந்த பிறகும் எங்கள் பிள்ளைகள் ஏன் இப்படிப் பந்தைத் தொடவே முடியாமல் திணறுகிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. மூன்றாம் ஆட்டத்துக்கு வந்த நடுவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு டேப் கேட்டார். மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் ஹோம் பிளேட்டிலிருந்து 42 அடி 5 அங்குலத்தில் இருக்கிறது. பலகையின் முன்விளிம்பு இருக்க வேண்டிய 46 அடிக்கு இன்னும் 3 அடி 7 அங்குலம் பின்னே போக வேண்டும். அத்தனை பெற்றோர் பார்த்திருக்க, மண்வெட்டியோடு நின்று பலகையைப் பெயர்த்து மாற்றினேன். ஹோம் பிளேட்டின் கூர்முனையிலிருந்து நேராக 46 அடி அளந்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

கடைசியாக, ஹோம் முனையிலிருந்து முதல் பேஸ், மூன்றாம் பேஸ் வழியாகப் போகும் இரண்டு கோடுகளையும் வெளிக்களம் வரை, இடமிருந்தால் 200 அடி வரை, கயிறு கட்டி நீட்டி வெள்ளைக் கோடு போடவும். கோட்டுக்குக் கட்டட வேலைக்கான நீற்றுச் சுண்ணாம்பைப் பயன்படுத்தவே கூடாது. சறுக்கி விழும் பிள்ளையின் முழங்கால் காயத்திலும் கண்ணிலும் பட்டால் புண்ணாக்கிவிடும். மைதானக் கோட்டுக்கென்றே விற்கும் சுண்ணக்கல் தூள் தீங்கற்றது.

எந்தெந்த விதிகளை மாற்றுவது

அளவைச் சுருக்கினால் சில விதிகளும் தாமாகவே மாறியாக வேண்டும். இரு அணியும் ஒவ்வொரு முறை பேட் பிடித்து முடிப்பது ஓர் இன்னிங்ஸ்; பெரியவர்கள் ஒன்பது இன்னிங்ஸ் ஆடுவதைச் சிறுவர்களுக்கு ஆறாகக் குறைத்தது பொழுதையும் கவனத்தையும் எண்ணித்தான். அதைவிட முக்கியமானது பேஸில் நிற்பவன் பற்றிய விதி. பெரியவர்களின் ஆட்டத்தில் அவன் பிட்சர் எறியும் முன்னரே சில அடி நகர்ந்து நின்றுகொள்ளலாம். 60 அடிப் பாதையில் அப்படி விட்டால், கேட்சர் 85 அடி எறிந்து அவனைத் தடுப்பது நடவாத காரியம், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பேஸ் திருட்டுப் போகும். ஆகவே பந்து பேட்டரை எட்டும் வரை ஓடுகிறவனின் கால் பேஸில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இதை முதல் பயிற்சியிலேயே சொல்லிப் பழக்குங்கள். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டம் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதுதான் மறந்து மறந்து போகும்.

பட்டியலில் பெயருள்ள எந்தப் பிள்ளையும் ஆட்டம் முழுதும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கும் விதி உண்டு. ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு முறை பேட் பிடிக்க வேண்டும், ஆறு அவுட்டுகள் விழும் வரை களத்தில் நிற்க வேண்டும் என்பதே வழக்கமான அளவு. வெற்றிப்பித்துப் பிடித்த மேலாளர் ஒருவர் எல்லா லீக்கிலும் இருப்பார் என்பதால், இந்த விதியை எழுத்தில் வைத்து, ஸ்கோர் எழுதுகிறவரையே இதற்கும் கணக்கு வைக்கச் சொல்லுங்கள்.

பிட்சரின் கை பற்றிய விதி பிற்காலத்தில் சேர்ந்தது. நெடுங்காலம் இன்னிங்ஸ் கணக்கில்தான் கட்டுப்பாடு இருந்தது. ஓர் இன்னிங்ஸ் பத்துப் பந்திலும் முடியலாம், நாற்பதிலும் முடியலாம். ஆகவே அந்தக் கணக்கால் கையைக் காக்க முடியவில்லை. 2007-லிருந்து லிட்டில் லீக் பந்துகளையே எண்ணத் தொடங்கியது. 7, 8 வயதுக்கு ஒரு நாளில் 50 பந்து, 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85 என்பது உச்ச எல்லை. எறிந்தது 20-க்குள் என்றால் ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், அதற்கு மேல் நான்கு நாள் ஓய்வு. 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்தவன் அன்றைக்குக் கேட்சராக உட்காரவும் கூடாது. வளரும் எலும்பின் மூட்டுப் பகுதி மென்மையானது, ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்தால் முழங்கை பழுதாகிவிடும் என்பதே காரணம். இரு அணியின் சார்பிலும் ஒருவர் எண்ண வேண்டும், இன்னிங்ஸ் முடிவில் இருவரும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒருவரே எண்ணினால் பக்கத்தில் யாரோடாவது பேச்சுக் கொடுத்து விட்டுவிடுகிறார்.

தலைக்கவசம் பேட்டருக்கும் பேஸில் ஓடுகிறவர்களுக்கும் கட்டாயம். இரு காதையும் மூடும் கவசம் பரவியதில் லிட்டில் லீக்கின் ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. காலணியில் உலோக முள் கூடாது. மட்டை 33 அங்குலத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும்.

பணம்

இங்கே ஸ்டோட்ஸின் கதை சற்றுக் கசப்பானது, ஆகவே பயனுள்ளது. சீருடைக்கும் சாமான்களுக்கும் பணம் கேட்டு அவர் நகரத்து வணிகர்களிடம் ஏறி இறங்கினார். 56 இடங்களில் இல்லை என்றார்கள். 57-ஆவதாக ஏற்றுக்கொண்டது லைகமிங் டெய்ரி என்ற பால் நிறுவனம். அதன்பின் மர வியாபாரம் செய்த லண்டி லம்பரும், ஜம்போ பிரெட்சல் என்ற தின்பண்டத் தயாரிப்பாளரும் சேர்ந்தார்கள். ஓர் அணிக்குக் கேட்ட தொகை முப்பது டாலர் சொச்சந்தான். அணிகளுக்கு வேறு பெயர் வைக்காமல் புரவலரின் பெயரையே வைத்தார்கள்.

ஆகவே தொகையைச் சிறியதாக, ஒரு பொருளோடு கட்டிக் கேளுங்கள். "லீக்குக்கு நன்கொடை" என்றால் கடைக்காரர் பிறகு வாருங்கள் என்பார். "பன்னிரண்டு சட்டை, முதுகில் உங்கள் கடைப்பெயர்" என்றால் உட்காரச் சொல்வார். மளிகைக்கடை, பல் மருத்துவர், கார் பழுதுபார்க்கும் பட்டறை, நம் ஆள்களின் உணவகம் என்று ஒரு நூறு பெயர் கொண்ட பட்டியலை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டால், இருபதாவது மறுப்பில் மனம் உடையாது. கொடுத்தவருக்கு, பிள்ளைகள் கையெழுத்திட்ட அணிப் புகைப்படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் ஊரில் அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டிவைத்த கடைக்காரரிடம் அடுத்த ஆண்டு நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

புரவலர் யார் என்பது எந்தப் பிள்ளை எந்த அணியில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கக் கூடாது. இதில் மட்டும் முகதாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

ஆட்கள்

முதல் பருவத்தில் மூன்று அணிகள். ஒன்றை ஸ்டோட்ஸ் கவனித்துக்கொள்ள, மற்ற இரண்டை ஜார்ஜ் பெபில், பெர்ட் பெபில் என்ற சகோதரர்கள் ஏற்றார்கள். மூவரின் மனைவியரும் வேலையில் சரிபாதியாக நின்றார்கள். இவர்களும் இன்னொரு தம்பதியரும் சேர்ந்ததுதான் முதல் நிர்வாகக் குழு. இரண்டு அணிகள் மட்டும் என்றால் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிச் சலித்துப்போகும். நான்கு அணிகளுக்கு முதல் ஆண்டில் மைதானமும் ஆளும் தேறாது. மூன்று என்பது நல்ல எண்ணிக்கை.

பிள்ளைகளை அணிகளுக்குப் பங்கிடும்போது, எல்லோரையும் ஒரு நாள் ஓடவும் எறியவும் அடிக்கவும் விட்டுப் பார்த்து, மேலாளர்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முதல் சுற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் அடுத்த சுற்று மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்ப வேண்டும். நண்பர்களை ஒரே அணியில் போடுங்கள் என்று வரும் வேண்டுகோள்களுக்கு ஒருமுறை இணங்கினால் அப்புறம் முடிவே இல்லை. பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு பெரியவரின் பின்னணியையும் சரிபார்ப்பது லிட்டில் லீக்கில் கட்டாயம்; நன்கு தெரிந்தவர்தானே என்று எவருக்கும் விலக்குக் கொடுக்க வேண்டாம்.

யாரைச் சேர்ப்பது

பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் வாங்காமல் யாரையும் பட்டியலில் ஏற்றாதீர்கள். 1992-ல் லிட்டில் லீக்கின் உலகப் போட்டியில் வென்ற பிலிப்பைன்ஸின் சாம்போவாங்கா அணி, தகுதியற்ற ஆட்டக்காரர்களைச் சேர்த்திருந்ததற்காகப் பட்டத்தை இழந்தது. 2001-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அணியில் எல்லோரையும் வியக்கவைத்த பிட்சருக்கு வயது பன்னிரண்டல்ல, பதினான்கு என்று பின்னர் தெரியவந்து, அந்த அணியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. இரண்டிலும் தவறு பெரியவர்களுடையது.

இந்த இரண்டு தாள்களுக்கு அப்பால் வேறெதையும் தகுதியாகக் கேட்க ஒரு லீக்குக்கு உரிமையில்லை என்பதை அந்த அமைப்பே நாளடைவில்தான் கற்றுக்கொண்டது. 1955-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கேனன் தெரு ஒய்எம்சிஏ-வை (கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தை) சேர்ந்த கறுப்பினச் சிறுவர்களின் அணி போட்டிக்குப் பதிவு செய்தவுடன், மாநிலத்தின் வெள்ளையர் அணிகள் அனைத்தும் விலகிக்கொண்டன. எதிர்த்து ஆட யாருமின்றி வென்றவர்கள், ஆடி வெல்லவில்லை என்ற காரணத்தாலேயே அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கப்படவில்லை. விருந்தினராக வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்துவரப்பட்ட அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் பயிற்சி செய்து காட்டியபோது, அவர்களை ஆடவிடுங்கள் என்று பார்வையாளர்கள் குரல் எழுப்பினார்கள். அவர்கள் ஆடவில்லை.

பெண்பிள்ளைகளின் வழக்கும் இப்படித்தான். 1950-ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி தலைமுடியை வெட்டிக்கொண்டு, டபி என்ற பெயரில் சேர்ந்து ஆடினார். அதன்பின் சிறுமிகளுக்கு இடமில்லை என்று விதியே எழுதிவிட்டார்கள். 1972-ல் நியூஜெர்சியின் ஹோபோகனில் மரியா பெப்பே மூன்று ஆட்டங்கள் ஆடிய பிறகு நிறுத்தப்பட, வழக்கு நடந்து, 1974-ல் கதவு திறந்தது. உங்கள் முதல் அறிவிப்பிலேயே சிறுவர் சிறுமியர் இருவரும் வரலாம் என்று போடுங்கள். போடாவிட்டால் தயங்கும் பெற்றோர் கேட்கமாட்டார்கள்.

வளரும்போது

லீக் நன்றாக நடந்தால் பக்கத்து ஊரார் வந்து பார்ப்பார்கள். 1946-ல் பென்சில்வேனியாவுக்குள் 12 லீக்குகளாக இருந்தது, 1947-ல் நியூஜெர்சியின் ஹாமன்டனுக்குத் தாவியது. அதே ஆண்டு வில்லியம்ஸ்போர்ட்டில் முதல் பெரிய போட்டி நடந்து, அவ்வூரின் மேனார்ட் அணி வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் யு.எஸ். ரப்பர் நிறுவனம் தேசியப் புரவலராக வந்தது. 1957-ல் மெக்ஸிகோவின் மான்டெர்ரே அணி, ஏஞ்சல் மசியாஸ் ஒருவரையும் பேஸில் ஏறவிடாமல் எறிந்த இறுதி ஆட்டத்தில், அமெரிக்காவுக்கு வெளியே பட்டத்தைக் கொண்டுபோனது.

அந்த நேரத்தில் ஸ்டோட்ஸ் அங்கே இல்லை. நிர்வாகம் அந்த ரப்பர் நிறுவனத்தின் ஆட்கள் கைக்குப் போவதை எதிர்த்து 1955-ல் அவர் வழக்குத் தொடுத்து, தாம் உருவாக்கிய அமைப்பிலிருந்தே பிரிந்து, வில்லியம்ஸ்போர்ட்டிலேயே ஒரிஜினல் லீக் என்ற பெயரில் ஒரு லீக்கை நடத்திக்கொண்டிருந்தார். அவர் பக்கமே முழு நியாயமும் என்று சொல்லமாட்டேன். பெரும்பணமும் அலுவலகமும் இல்லாமல் இவ்வளவு தூரம் பரவியிருக்காது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர், லீக்கின் விதிகளை யார் மாற்றலாம், வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்திடலாம், பெரிய புரவலர் வந்தால் குழுவில் அவருக்கு இடம் உண்டா என்ற மூன்றையும், பணம் வருவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். தேசிய அமைப்பின் அங்கீகாரமும் காப்பீடும் வாங்குவதானால், அதற்கு முன்பே இந்தப் பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

முதல் ஆட்ட நாள்

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பேஸ்களை மறுபடி அளக்கவும். முந்தின நாள் யாராவது ஒன்றைக் கால்பந்துக் கம்பமாக்கியிருப்பார்கள். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, ஐஸ் பை, பென்சில் நான்கு, ஸ்கோர் புத்தகம் இரண்டு எடுத்துவைக்கவும்.

ஸ்கோர் ஒருபக்கமாகப் போகும் என்பதை எதிர்பார்த்தே இருங்கள். முதல் ஆண்டுப் பிட்சர்கள் ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத்தக்க எல்லைக்குள் வரும் பந்து, போட முடியாமல் திண்டாடுவார்கள், அதனால் அடிக்காமலே நடந்து பேஸ் ஏறுகிறவர்கள் பெருகுவார்கள். நான்கு இன்னிங்ஸுக்குப் பின் பத்து ஓட்டம் முன்னிலை இருந்தால் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும் விதியை அச்சமயம் தயங்காமல் பயன்படுத்துங்கள். 1939 ஜூன் 6-ஆம் தேதி நடந்த ஸ்டோட்ஸ் லீக்கின் முதல் ஆட்டத்தில் லண்டி லம்பர் 23, லைகமிங் டெய்ரி 8. அவ்வளவு மோசமாகத் தோற்ற பால் நிறுவன அணிதான் அந்தப் பருவத்தின் பட்டத்தை வென்றது. ஆகவே தோற்ற அணியின் பிள்ளைகள் காரில் ஏறும் முன்பே, அடுத்த ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் அவர்கள் கையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.